வானேறுமுன் வரும் வினா

தேர்வுகள் பலவகை. எழுத்துத் தேர்வில் ஒரு வினாவுக்கு விடை தோன்றாவிட்டால் மாணவன் அதை விட்டு அடுத்த வினாவுக்குச் செல்லலாம். எழுதியதை அடித்துத் திருத்தலாம். மணி ஒலிக்கும் வரை எண்ணிப் பார்க்கலாம். வாய்மொழித் தேர்வு அத்தகையதன்று. அங்கே வினவுவோர் எதிரே அமர்ந்திருக்கிறார். வாயினின்று வெளிப்பட்ட சொல்லை மீட்க இயலாது. சொன்ன விடையிலிருந்தே அடுத்த வினா கிளைத்து வரும். அதனாலன்றோ திருவள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும் அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார்? அவையில் அஞ்சாது மறுமொழி கூறுதற்பொருட்டு நூல்களைக் கற்க வேண்டும் என்பது அவர் காட்டிய நெறி. கற்றோர் அனைவர்க்கும் பொதுவான அந்நெறி, ஒரு தொழிலாளனுக்குச் சிறப்பாக உரியது. அவன் தேர்வு நாளில் சோதனையாளருக்கு மறுமொழி கூறுகிறான்; அதன்பின் வாழ்நாள் முழுவதும் வானத்துக்கு மறுமொழி கூறுகிறான். அவனே விமானி.

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அமைந்துள்ளது ஓசூர். ஜூஜூவாடியைக் கடந்தால் அத்திப்பள்ளி. அது கர்நாடக மண். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் கலந்து ஒலிக்கும் ஊர் இது. சிப்காட் தொழிற்பேட்டையில் சுமையுந்துகளும் இருசக்கர வண்டிகளும் கைக்கடிகாரங்களும் உருவாகின்றன. பெரிய ஆலைகளைச் சுற்றிலும் அவற்றுக்கு உறுப்புகள் செய்து தரும் சிறு பட்டறைகள் நெருங்கியுள்ளன. இரும்பைக் கடைந்து, அளந்து, மீண்டும் கடைந்து, மயிரிழை அளவும் பிழை நேராமற் காப்பதே இவ்வூர்த் தொழிலாளரின் அன்றாட நோன்பு.

இரும்போடு வானமும் இவ்வூருக்கு உறவுடையதே. தளி செல்லும் சாலையில், பேளகொண்டப்பள்ளியில், ஏறத்தாழ 7,000 அடி நீளமுள்ள ஓடுபாதையுடன் ஒரு தனியார் விமானத்தளம் இருக்கிறது. அங்குள்ள தனேஜா ஏரோஸ்பேஸ் தொழிற்சாலை, இத்தாலிய வடிவமைப்பான ஆறு இருக்கை விமானங்களைக் கட்டியது. பெங்களூரில் உள்ள நேஷனல் ஏரோஸ்பேஸ் லேபரட்டரீஸ் என்னும் ஆய்வகம் வடிவமைத்த ‘ஹன்சா’ என்ற சிறு விமானமும் அங்கே உருப்பெற்றது. ஹன்சா 1993-இல் முதன்முதலாகப் பறந்தது. 2000-இல் தகுதிச் சான்று பெற்றது. இரண்டே இருக்கைகள் கொண்ட அவ்விமானம், பறக்கக் கற்கும் மாணவர்களுக்கென்றே அமைக்கப்பட்டது. 2,000 ஏக்கர் பரப்பில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகள் வந்து செல்லத்தக்க பன்னாட்டு விமான நிலையம் ஓசூரில் அமைக்கப்படும் என்று 2024-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. இவற்றையெல்லாம் கண்டும் கேட்டும் வளரும் இளைஞர் சிலருக்கு, விமானத்தின் உறுப்பைச் செய்வதோடு நில்லாமல் விமானத்தையே செலுத்த வேண்டும் என்ற அவா எழுவது இயல்பே.

அவா எளிது, வழி அரிது. ஊதியம் பெற்று விமானம் ஓட்ட விரும்புவோன் தொழில்முறை விமானி உரிமம் பெறுதல் வேண்டும். அதற்கு வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்த பட்டறிவு வேண்டும். அதில் சரிபாதி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பையும் தானே ஏற்றுப் பறந்திருக்க வேண்டும். வான்வழிச் சட்டம், திசையறிதல், வானிலை, விமானத்தின் அமைப்பு ஆகியவற்றில் எழுத்துத் தேர்வுகள் உள்ளன. வானொலிவழிப் பேசுவதற்குத் தனித்தேர்வு உண்டு. அதில் வாய்மொழிப் பகுதியும் அடங்கும். இறுதியாகப் பகலிலும் இரவிலும் சோதனையாளர் அருகே அமர்ந்திருக்கப் பறந்து காட்ட வேண்டும். அப்பறப்புக்கு முன்னரே அவருடைய வினாக்கள் தொடங்கிவிடும். அமெரிக்காவில் வாய்மொழித் தேர்வில் தேறிய பின்னரே மாணவன் விமானத்தில் ஏறலாம் என்பது விதி. நாடுகள் வேறாயினும் நோக்கம் ஒன்றே: கையின் திறனைக் காண்பதற்கு முன் கருத்தின் தெளிவைக் காண்பது.

ஓசூரில் வாழும் ஓர் இளைஞனை மனக்கண்ணால் காண்போம். அவன் தந்தை சிப்காட் அருகே ஒரு பட்டறையில் லேத்து இயந்திரத்தில் உழைப்பவர். சேமித்த பொருளும் கடன்பட்ட பொருளும் சேர்த்து மகனின் பயிற்சிக்குச் செலவிட்டிருக்கிறார். இருநூறு மணி நேரமும் நிறைந்துவிட்டது. தேர்வுக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. இளைஞன் விடுமுறையில் வீட்டுக்கு வந்து, வினாவிடைச் சுவடி ஒன்றை வைத்துக்கொண்டு இரவும் பகலும் உருப்போடுகிறான். எண்களெல்லாம் அவன் நாவில் நிற்கின்றன. எரிபொருள் எத்தனை லிட்டர், எண்ணெய் எவ்வளவு, எந்த வேகத்தில் ஓடுபாதையை விட்டு எழ வேண்டும் என்று கேட்டால் கண்ணிமைப்பதற்குள் விடை வருகிறது. அவன் தேர்வுக்கு ஆயத்தமாகிவிட்டானா?

இல்லை. வாய்மொழித் தேர்வில் வரும் வினாக்கள் மூன்று படிகளாக அமைந்தவை. ‘யாது?’ என்பது முதற்படி. ‘ஏன்?’ என்பது இரண்டாம் படி. ‘அவ்வாறாயின் நீ என்ன செய்வாய்?’ என்பது மூன்றாம் படி. மனப்பாடம் முதற்படியில் ஏற்றிவிடும். இரண்டாம் படியில் கைவிட்டுவிடும். மூன்றாம் படியில் அதற்கு இடமே இல்லை. தேர்ந்த சோதனையாளர் முதற்படியில் நெடுநேரம் நிற்பதில்லை. மாணவன் சரியான எண்ணைச் சொன்னவுடன் அந்த எண்ணின் வேர் எங்கே இருக்கிறது என்று தோண்டத் தொடங்குகிறார்.

ஓசூர் மண்ணையே எடுத்துக்கொள்வோம். இவ்வூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் உள்ளது. “சித்திரை மாதத்து நண்பகலில், வெப்பம் 35 பாகையாக இருக்கும்போது, இங்கிருந்து எழும் விமானம் தான் எந்த உயரத்தில் இருப்பதாக உணரும்?” என்று சோதனையாளர் கேட்கலாம். கணக்குக் கடினமன்று. வானியலார் வகுத்த பொது அளவின்படி கடல்மட்டத்தில் வெப்பம் 15 பாகை; ஆயிரம் அடிக்கு 2 பாகை வீதம் குறையும். ஆகவே 3,000 அடியில் 9 பாகை இருக்க வேண்டும். இருப்பதோ 35 பாகை, மிகுதி 26. மிகுந்த ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 120 அடி கூட்டுவது வழக்கம். அது 3,120 அடி ஆகிறது. இரண்டையும் கூட்டினால் 6,120 அடி. மண் மூவாயிரம் அடியில் இருக்கிறது. காற்றோ ஆறாயிரம் அடியின் மென்மையோடு இருக்கிறது!

இளைஞன் இக்கணக்கைப் பிழையின்றிப் போட்டுவிடுவான். ‘ஏன்?’ என்ற வினா வரும்போதுதான் நா தடுமாறும். மாலையில் வேலை முடிந்து வந்த தந்தை, மகன் உரக்கப் படிப்பதைக் கேட்டுத் திண்ணையில் அமர்கிறார்.

“தம்பி, காற்றுச் சூடேறினால் விமானத்துக்கு என்ன வந்தது?” என்று அவர் வினவுகிறார்.

“காற்றின் அடர்த்தி குறையும், அப்பா.”

“அடர்த்தி குறைவது என்றால் என்ன? எனக்கு விளங்கும்படி சொல்.”

மகன் சற்றே விழிக்கிறான். ஆங்கிலச் சொற்றொடர் நினைவில் நிற்கிறது. அதன் உட்பொருள் வரவில்லை. தந்தையே தொடர்கிறார்: “லேத்திலிருந்து எடுத்த சூட்டோடு இரும்பை அளந்தால் அளவு மிகுதியாகக் காட்டும். ஆறிய பிறகு அளந்தால்தான் உண்மை தெரியும். இரும்பு பெருத்ததே தவிர எடை கூடவில்லை. காற்றும் அப்படித்தானா?”

மகனின் முகம் மலர்கிறது. ஆம்; காற்றும் அவ்வாறே பெருக்கிறது. பெருத்த காற்றில் ஒரு படி அளவில் அடங்கும் பொருள் குறைவு. இறக்கையைத் தாங்கும் காற்றும் குறைவு. முன்னே சுழலும் விசிறி பின்னே தள்ளும் காற்றும் குறைவு. பொறி உள்ளிழுத்து எரிக்கும் காற்றும் குறைவு. மூன்று குறைகளும் ஒருசேர வந்தால் விமானம் ஓடுபாதையில் நெடுந்தொலைவு ஓட வேண்டும்; எழுந்த பின்னும் மெல்லவே ஏறும். வேகமானி வழக்கமான எண்ணையே காட்டும். ஆனால் ஆறாயிரம் அடிக் காற்றில் உண்மை வேகம் அதனினும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மிகுதியாக இருக்கும். ஆதலால் இறங்கும்போதும் ஓடுபாதை அதிகம் வேண்டும். சாதாரணப் பொறி தன் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். ஆனால் ஹன்சாவில் உள்ளதுபோலக் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ அமைப்பு இருந்தால் பொறியின் இழப்பு அவ்வாறு நேராது. இறக்கைக்கும் விசிறிக்கும் வரும் குறை மட்டும் மாறாமல் இருக்கும். ஆகவே, “எந்த விமானத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள், ஐயா?” என்று மாணவன் திருப்பிக் கேட்பானாயின், அந்த ஒரு சொல்லே அவன் அறிவுக்குச் சான்றாகிவிடும்.

வாய்மொழித் தேர்வுக்கு ஆயத்தமாகும் முறைகளுள் தலையாயது இதுவே: கற்றதை, அத்துறை அறியாத ஒருவருக்குத் தாய்மொழியில் விளக்கிச் சொல்லுதல். தேர்வு ஆங்கிலத்தில் நடைபெறலாம். கலைச்சொற்களும் ஆங்கிலமாக இருக்கலாம். ஆயினும் தாய்க்கும் தந்தைக்கும் விளங்கச் சொல்ல இயலாத பொருள், சொல்பவனுக்கே விளங்காத பொருளாகும். அயல்மொழிச் சொல் சில வேளைகளில் அறியாமைக்குப் போர்வையாகிவிடுகிறது. தாய்மொழியில் பேசத் தொடங்கியதும் அப்போர்வை விலகிவிடுகிறது.

மற்றொரு வினாவைக் காண்போம். “உயரமானி 5,000 அடி காட்டுகிறது. நீ ஓசூருக்கு மேலே இருக்கிறாய். பொறி நின்றுவிட்டது. எவ்வளவு தொலைவு மிதந்து செல்லலாம்?” பயிற்சிப் பள்ளிகளில் மிகுதியாக வழங்கும் செஸ்னா 172 போன்ற சிறு விமானம், காற்றில்லாத வேளையில், ஆயிரம் அடி உயரம் இறங்குவதற்குள் ஏறத்தாழ ஒன்றரைக் கடல் மைல் முன்னே செல்லும். மனப்பாடம் செய்த மாணவன் ஐந்தை ஒன்றரையால் பெருக்கி, “ஏழரைக் கடல் மைல்” என்று விரைந்து கூறுவான். விடை பிழை, அதுவும் உயிரைக் கொள்ளும் பிழை. கடல்மட்ட அழுத்தத்துக்கு ஏற்பத் திருத்தி வைத்த உயரமானி, கடல்மட்டத்திலிருந்துதான் உயரத்தைக் காட்டும். கீழே உள்ள மண்ணே 3,000 அடியில் இருக்கிறது. ஆகவே எஞ்சிய உயரம் 2,000 அடி. செல்லத்தக்க தொலைவு மூன்று கடல் மைல். சென்னைக் கடற்கரையில் சரியான விடை ஓசூர் மேட்டு நிலத்தில் தவறாகிறது. அறிவு நிலத்தோடு பொருந்தியிருக்க வேண்டும் என்பதை இதனினும் தெளிவாக உணர்த்தும் வினா வேறு உண்டோ?

வேகத்தைப் பற்றிய வினாவும் இத்தகையதே. “இவ்விமானம் எந்த வேகத்தில் மிதக்கும் ஆற்றலை இழக்கும்?” என்று கேட்டால், ஏட்டில் உள்ள எண்ணை மாணவன் கூறுவான். “அதனினும் மிகுந்த வேகத்தில் இழக்காதா?” என்பது அடுத்த வினா. இழக்கும். மிதக்கும் ஆற்றலை இழப்பதற்கு வேகம் காரணமன்று; இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணமே காரணம். அக்கோணம் ஏறத்தாழ 15 அல்லது 16 பாகையைத் தாண்டினால் இறக்கையின் மேல் தழுவிச் செல்லும் காற்று பிரிந்துவிடும். எவ்வேகத்திலும் அது நேரலாம். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து வளையும் விமானத்தின் இறக்கைகள் இருமடங்கு பாரத்தைத் தாங்குகின்றன. நேராகப் பறக்கையில் மணிக்கு 50 கடல் மைல் வேகத்தில் நேரும் இழப்பு, அப்போது 71-லேயே நேர்ந்துவிடும். இறங்குவதற்காக ஓடுபாதையை நோக்கித் திரும்புகையில், திருப்பம் தவறியது கண்டு மேலும் மேலும் சாய்க்கும் விமானி இவ்வுண்மையை மறந்தால், அதை மீண்டும் கற்க அவனுக்கு உயரம் போதாது.

ஓசூரின் குளிர்ந்த பனிக்காலைகளும் ஒரு வினாவைத் தருகின்றன. கார்ப்பரேட்டர் பொருத்திய பொறியில், வெளிக்காற்று 20 பாகை வெப்பத்தோடு இருந்தாலும் உள்ளே பனிக்கட்டி படியலாம். குறுகிய வாயில் வழியே காற்று விரையும்போதும், எரிபொருள் ஆவியாகும்போதும் வெப்பம் பெரிதும் குறைகிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அவ்வீரம் உறைந்து வழியை அடைக்கிறது. பொறியின் சுழற்சி மெல்லக் குறைவதே முதல் அறிகுறி. சூடான காற்றைத் திறந்துவிட வேண்டும். திறந்தவுடன் பொறி முன்னிலும் மோசமாகத் தடுமாறும்; உருகிய நீர் உள்ளே செல்வதே அதற்குக் காரணம். காரணம் அறியாதவன் அஞ்சி உடனே மூடிவிடுவான், அறிந்தவன் பொறுத்திருப்பான். சிறிது நேரத்தில் பொறி சீராகும். ‘ஏன்?’ என்ற வினாவின் பயன் இங்கே விளங்குகிறது. காரணம் அறிந்தவனுக்கே பொறுமை உண்டாகிறது.

இவ்வாறாயின் மனப்பாடமே வேண்டாவா? வேண்டும், ஆனால் எதை மனனம் செய்வது, எதை ஏட்டைப் பார்த்துச் செய்வது என்ற பகுத்தறிவு வேண்டும். இதனை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1935-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், போயிங் நிறுவனத்தின் புதிய நான்கு பொறி விமானம் ஒன்று சோதனைக்காக எழுந்தது. அதைச் செலுத்தியவர் மேஜர் ஹில் என்னும் தேர்ந்த சோதனை விமானி. விமானம் செங்குத்தாக ஏறி, மிதக்கும் ஆற்றலை இழந்து, வீழ்ந்து எரிந்தது. அவரும் உடனிருந்த மற்றொருவரும் உயிர் நீத்தனர். விமானம் தரையில் நிற்கும்போது காற்றில் அசையாதவாறு வால்பகுதியைப் பிணைத்திருந்த பூட்டை விடுவிக்க மறந்ததே காரணம் என்று கண்டனர். அவர்கள் அறியாதவரல்லர், மறந்தனர். அவ்விபத்தின் பின்னரே, ஒவ்வொரு செயலையும் ஏட்டைப் பார்த்துச் சரிபார்க்கும் பட்டியல் முறை வேரூன்றியது.

ஆகவே நெருக்கடியில் முதல் சில நொடிகளுக்குள் செய்ய வேண்டியவை மனத்தில் ஊறியிருக்க வேண்டும். பொறி நின்றால் மிதப்புக்குரிய வேகத்தைப் பிடிப்பதும், இறங்க நிலம் தேர்வதும், மீண்டும் பொறியை இயக்க முயல்வதும் ஏட்டைப் புரட்டிச் செய்யும் செயல்களல்ல. ஏற்ற வேண்டிய பாரத்தின் கணக்கும், வெப்பத்துக்கேற்ற ஓடுபாதைத் தொலைவும், அரிதாக வரும் விதிகளும் கையேட்டில் உள்ளவை. அவற்றை எங்கே காண்பது என்று விரைந்து எடுத்துக் காட்டுவதே அறிவு. எல்லாவற்றையும் தலையில் சுமப்பவன் இன்றியமையாத ஒன்றைத் தவற விடுவான்.

இனி, மாணவர் பலரும் சொல்ல நாணும் ஒரு விடை உண்டு. அது ‘தெரியாது’ என்பது. வாய்மொழித் தேர்வில் அவ்விடையைச் சொன்னால் தேர்வு போய்விடும் என்று அஞ்சி, தெரிந்ததுபோல் நடித்து, ஊகத்தை உண்மைபோல் உரைப்பவர் பலர். சோதனையாளர் அதனை உடனே உணர்ந்துகொள்கிறார். அதன்பின் வரும் ஒவ்வொரு விடையையும் ஐயத்தோடு கேட்கிறார். அடிப்படைகளை அறியாதவனுக்கு இவ்விடை புகலிடமாகாது. ஆனால் கற்க வேண்டியவற்றைக் கற்றவன், எல்லையில் உள்ள ஓர் அரிய வினாவுக்கு, “இது எனக்கு உறுதியாகத் தெரியாது, ஐயா, கையேட்டின் இன்ன பகுதியில் பார்த்துச் சொல்கிறேன்” என்பானாயின் அது இழுக்கன்று. ஐயத்தை ஐயம் என்று அறிபவன் வானில் ஊகத்தை நம்பிச் செல்லமாட்டான்.

அந்நாளைய விமானிகளுக்கு வானமே சோதனையாளராக இருந்தது. பெங்களூரின் ஜக்கூரில் தொடங்கிய அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் 1949-இல் தேறியவர் உஷா சுந்தரம். அவர் கணவர் அப்பள்ளியின் தலைமைப் பயிற்சியாளர். 1951-இல் சென்னை மாநில அரசு வாங்கிய டவ் வகை விமானத்தை அவ்விருவரும் இலண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் கொண்டுவந்தனர். இடையிடையே இறங்கி எரிபொருள் நிரப்பிய ஒவ்வோரிடத்திலும், எவ்வளவு எண்ணெய் வேண்டும், எதிர்க்காற்று எத்தன்மைத்து, மேலே செல்லலாமா, தங்கலாமா என்ற வினாக்களுக்கு விடை காணாமல் யாரும் அடுத்த நிலையத்துக்கு எழ இயலாது. தேர்வறையில் கேட்கப்படும் வினாக்கள் இவ்வுண்மை வினாக்களின் நிழல்களே.

தொழில்முறை விமானிக்கு வரும் வினாக்களுள் மிகக் கடுமையானது கணக்கும் அன்று. பொறியின் அமைப்பும் அன்று. “மாலை வேளை. ஒரு தொழிலதிபர் ஓசூரிலிருந்து கோயம்புத்தூருக்கு விரைந்து செல்ல வேண்டும் என்கிறார். வாடகைப் பணம் செலுத்தப்பட்டுவிட்டது. மாம்பழம் பழுக்கும் பருவம். தென்மேற்கே இடிமேகம் கறுத்து எழுகிறது. ‘நேற்று வேறொரு விமானி போனாரே’ என்று உன் முதலாளி சொல்கிறார். நீ என்ன செய்வாய்?” தனக்காகப் பறப்பவனுக்கும் ஊதியத்துக்காகப் பறப்பவனுக்கும் உள்ள வேற்றுமை இவ்வினாவில் அடங்கியிருக்கிறது. பிறர் பணமும் பிறர் அவசரமும் விமானியின் தோளில் ஏறி அமர்கின்றன.

இடிமேகத்தின் உள்ளே மேலெழும் காற்றும் கீழிறங்கும் காற்றும் அடுத்தடுத்து மோதுகின்றன. அதன் அடியிலோ தரையை நோக்கிப் பாயும் காற்று விமானத்தை அழுத்திவிடும். கடும் இடிமேகத்திலிருந்து 20 கடல் மைல் விலகிச் செல்க என்பது விமானிகளுக்குச் சொல்லப்படும் நெறி. இவற்றையெல்லாம் எழுத்துத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றுவிடலாம். ஆனால் கற்ற அனைத்தும் சேர்ந்து, அந்நேரத்தில், பணிவும் உறுதியும் கலந்த ஒரே சொல்லாக வெளிப்பட வேண்டும்: “இப்போது போகமாட்டேன்; மேகம் கலைந்தபின் பார்ப்போம்.” முதலாளியின் சினத்துக்கும் பயணியின் முணுமுணுப்புக்கும் நடுவே அச்சொல்லைச் சொல்லும் துணிவு அவனிடம் உண்டா என்பதையே சோதனையாளர் வினாவுக்கு வினா தேடுகிறார்.

இவ்வினாக்களுக்கு ஆயத்தமாக விரும்புவோன் சில நெறிகளைக் கைக்கொள்ள வேண்டும். நாள்தோறும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, ‘யாது, ஏன், என்ன செய்வேன்’ என்ற மூன்று படிகளிலும் தன்னையே வினவிக்கொள்ள வேண்டும். மனத்துக்குள் விடை கூறாமல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எண்ணத்தில் தெளிவாகத் தோன்றுவது நாவில் வரும்போது குழம்புவதை அப்போதுதான் உணர முடியும். தாளும் எழுதுகோலும் கொண்டு படம் வரைந்து விளக்கப் பழக வேண்டும். உடன் பயில்வோர் ஒருவரையொருவர் வினவ வேண்டும். எளிய வினாக்களால் மகிழ்விப்பதை விட அரிய வினாக்களால் திணறச் செய்வதே நட்பு. தேர்வன்று பறக்கப் போகும் விமானத்தின் கையேட்டையும் சான்றுகளையும் பாரக் கணக்கையும் முன்னரே புரட்டிப் பழகியிருக்க வேண்டும். கேட்ட வினாவுக்கு மட்டும் விடை கூறி நிறுத்த வேண்டும். தேர்வுக்கு முந்திய இரவு நன்றாக உறங்க வேண்டும். களைத்த விமானி பறக்கலாகாது என்ற விதி களைத்த மாணவனுக்கும் பொருந்தும்.

பட்டறையில் கடைந்த உறுப்பு அளவில் தவறினால் அதைக் கழித்துவிட்டு வேறொன்று கடையலாம். வானில் தவறினால் மறுமுறை இல்லை. ஆதலால், மீண்டும் எண்ணிப் பார்க்க இடமுள்ள தரையிலேயே, அச்சமும் நாணமும் மட்டுமே இழப்பாக உள்ள ஒரு சிறு மேசையின் எதிரிலேயே, பிழைகளெல்லாம் வெளிப்பட்டுவிட வேண்டும் என்று கருதி முன்னோர் இவ்வாய்மொழித் தேர்வை வகுத்தனர். அத்தேர்வில் கேட்கும் கடுஞ்சொல், நாளை அவன் பின்னே அமரப்போகும் பயணிகளின் உயிருக்கு அரணாகிறது. அதனை உணர்ந்து கற்கும் இளைஞனுக்குச் சோதனையாளர் பகைவரல்லர். அவன் அருகே அமர்ந்து, அவனைத் தனியே அனுப்பலாமா என்று அன்போடு எண்ணிப் பார்க்கும் கடைசி ஆசிரியர் அவர்.